பதினேழாம் எண் கல்

கல் நட்ட அன்று ஏரியில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அறிவியல் சார் இருந்தார். பேண்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, கழுத்தில் பைனாகுலரோடு. தலைமையாசிரியர் இருந்தார். மழை விட்டிருந்தும் குடையை மடக்காமல், செருப்பில் சேறு படாத இடமாகப் பார்த்து நின்றார். காலனி நலச்சங்கச் செயலாளர் கேமராவோடு வந்திருந்தார். ஆறாம் வகுப்பு 'பி' பிரிவில் நாம் நாற்பத்தொரு பேரும் இருந்தோம். இதைப் படிக்கப்போகிற நீங்கள்தான்.

இல்லாதவர்கள், ஏரியை ஒட்டியிருந்த எங்கள் வரிசையின் பதினோரு வீட்டுப் பெரியவர்கள். மூன்று நாள் மழையில் மூன்று நாள் கூலி போயிருந்தது. வெயில் அடித்த முதல் நாளே எல்லாரும் வேலைக்கு ஓடிவிட்டார்கள். என் அப்பா அந்த வருஷம் முழுக்கப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்தார். என் அம்மா மட்டும் போகவில்லை, வீட்டுக்குள் தண்ணீர் நின்றதால். ஆகவே அம்மாவும் அங்கே இருந்தாள். ஆனால் அவளை யாரும் வந்தவர் கணக்கில் சேர்க்கவில்லை.

பள்ளியின் ஆண்டுவிழா மலருக்காக ஏரியை மீட்ட கதையை எழுதித் தரச் சொல்லி, மலர்க்குழுவிலிருக்கும் நம் வகுப்பு நண்பன் என் ஆபீஸுக்கே வந்து கேட்டான். "கல்லு நட்டவன் நீதானேடா. நீ எழுதினாத்தான் சரியா இருக்கும். ஸ்வீட்டா, ஒரு ரெண்டு பக்கம் போதும்" என்றான். இது இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. ஸ்வீட்டாகவும் வரவில்லை.

உங்களுக்கு அந்த ஏரி எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? கேம்ப் ரோட்டில் பஸ் இறங்கி, பள்ளிக்கு வருகிற சந்தில் திரும்பும்போதே மூக்கைப் பிடித்துக்கொள்வீர்கள். காலனிச் சாக்கடை முழுக்க அதில்தான் வந்து விழுந்தது. கறிக்கடைக்காரர் கோழி இறகை மூட்டையாகக் கட்டி வீசுவார். தண்ணீரே கண்ணுக்குத் தெரியாது, கரைக்குக் கரை ஆகாயத்தாமரை. காலை வெயிலில் அதன் ஊதாப்பூ பூத்திருக்கும்போது மட்டும் பார்க்க அழகாக இருக்கும். நாற்றமும் அப்போதுதான் எழும்பும்.

அறிவியல் சார் வந்த வருஷம்தான் அதை ஏரி என்று ஒருவர் சொல்லி நாம் கேட்டோம். அதுவரை அது 'பின்னாடி'. பின்னாடி போகாதே, பின்னாடி விழுந்துவிடுவாய். சார் முதல் வகுப்பிலேயே ஜன்னலைத் திறந்துவிட்டு, "இது குப்பைமேடு இல்ல. இது ஒரு வெட்லேண்ட். உயிரோட இருந்தா இந்த ஏரியாவுக்கே கிணத்துல தண்ணி இருக்கும்" என்றார். ஜன்னலை மூடச் சொல்லி நீங்கள் கத்தினீர்கள். அவர் மூடவில்லை.

சனிக்கிழமைதோறும் ஆகாயத்தாமரை இழுத்தோம். வேர் கறுத்த தலைமயிர் மாதிரி நீளமாக வரும். அதில் நத்தை, அட்டை, சில சமயம் ஒரு குட்டித் தண்ணிப்பாம்பு. கை முழுக்க அரிக்கும், மண்ணெண்ணெய் தேய்த்துக் கழுவினாலும் ராத்திரிவரை அரிக்கும். தண்ணீருக்குள் இறங்கியவர்கள் எங்கள் வரிசைப் பிள்ளைகளும், அகரம்தென் பக்கத்திலிருந்து நடந்து வந்த நாலைந்து பேரும். காலனிப் பிள்ளைகள் கரையில் நின்று பறவைகளை எண்ணி நோட்டில் எழுதினீர்கள். சாக்கடையில் இறங்கக்கூடாது என்று உங்கள் வீட்டில் எழுதியே கொடுத்திருந்தார்கள். நான் குறை சொல்லவில்லை. சொல்கிறேன் என்றே வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஆனால் ஒன்று. அந்த வேலையைப் போல சந்தோஷமான வேலையை நான் அப்புறம் செய்ததேயில்லை. புரட்டாசி முடிவதற்குள் நடுவில் ஒரு மைதானம் அளவுக்குத் தண்ணீர் தெரிந்தது. ஒரு திங்கட்கிழமை பிரேயருக்கு முன்னால் ஒரு ஜோடி முக்குளிப்பான் வந்து அதில் மூழ்கி மூழ்கி எழுந்தன. சார் ஓடிவந்து என்னைத் தேடிப் பிடித்து, பைனாகுலரை என் கழுத்தில் மாட்டினார். "பாருடா! நீ இழுத்த எடம்தான் அது!"

நான் முதலில் பார்த்தது பறவையை இல்லை. எங்கள் வீட்டை. எதிர்க்கரையில் இருந்த வீடு கண்ணுக்குள்ளே வந்து நின்றது. ஓலைக்கு மேல் போட்ட தார்ப்பாய், கொல்லையில் புங்க மரம், அதனடியில் என் தங்கச்சி. அவள் வலது கையைத் தலைக்குமேல் போட்டு இடது காதைத் தொட முயன்றுகொண்டிருந்தாள்.

அதுதான் அவளுக்கு அந்த வருஷம் முழுக்க வேலை. காது எட்டினால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள் இல்லையா? ஜூனில் சேர்ப்பதாக அம்மா சொல்லியிருந்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான், இரண்டாவது அவள் என்று ஏற்பாடு. மதியம் மணி அடித்தால் காம்பவுண்டுச் சுவரோரம் வந்து நிற்பாள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பார். எனக்குக் கொடுத்த சத்துணவு முட்டையில் பாதி அவளுடையது. தினமும் ராத்திரி என்னிடம் வந்து, "பாருண்ணா, எட்டிச்சா?" என்று கேட்பாள். "இன்னும் ஒரு வெரக்கடை கீது, போய்த் தூங்கு" என்பேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்து, பள்ளிக்கும் லீவு விட்டார்கள். இரண்டாம் நாள் ராத்திரி எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. தங்கச்சியை டிரங்குப் பெட்டிமேல் உட்காரவைத்துவிட்டு அம்மா பக்கெட்டில் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். எங்களுக்கு இது புதுசு. நான் பிறந்ததிலிருந்து முந்தின வருஷம்வரை ஏரித் தண்ணீர் அந்தப் புங்க மரத்தைத் தாண்டியதில்லை. போன மழைக்கு மரத்தைத் தாண்டி வந்தது. இந்த மழைக்கு அடுப்புவரை வந்துவிட்டது.

ஏன் வந்தது என்பது எங்கள் வரிசையில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடம் ஏரியின் ஒரு பக்கத்தைத் தூர்த்து விளையாட்டு மைதானம் போட்டது. லாரி லாரியாகச் செம்மண்ணும் கட்டட இடிபாடும் வந்து இறங்கின. மண்ணைக் கொட்டினால் தண்ணீர் காணாமலா போகும்? தள்ளிப் போய் நிற்கும். எங்கள் பக்கம் தள்ளியது. அந்த மண்ணைக் கூடையில் அள்ளிக் கொட்டிய சித்தாட்களில் என் அம்மாவும் ஒருத்தி.

வெயில் வந்த அன்று சார் நம்மை வரிசையாக நிற்கவைத்துச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். எனக்கு மறக்காது.

"ஏரி இப்ப ஃபுல்லா இருக்கு. இப்பத்தான் அதோட எல்லை தெரியும். தண்ணி எங்க முடியுதோ அங்க ஒரு கல்லு. நம்ம இஷ்டத்துக்கு ஒரு இன்ச் உள்ளயோ வெளியிலயோ வைக்கக் கூடாது. தண்ணி சொல்லும், நாம எழுதிக்கறோம். அவ்வளவுதான். அதுக்குப் பேர்தான் சயின்ஸ்."

கருங்கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, சிவப்பு பெயின்ட்டில் எண் போட்டு வைத்திருந்தோம். கெஜத்துக்கு ஒரு முடிச்சு போட்ட சணல் கயிறு. ஒரு முனையை என் பெஞ்சுக்காரன் பிடித்தான், மறுமுனை என்னிடம். இருபது முடிச்சுக்கு ஒரு கல். தலைமையாசிரியர் நின்ற மைதானத்தின் பக்கம்தான் ஆரம்பித்தோம். அங்கே தண்ணீர், கொட்டிய மண்ணின் சரிவில் முட்டிக்கொண்டு நின்றது. கற்கள் சரிவின் காலடியிலேயே போயின. நாலாவது கல்லின்போது நான் கேட்டேன்.

"சார், கிரவுண்டும் முன்ன ஏரிதானே சார்?"

சார் நிமிர்ந்து மேலே தலைமையாசிரியரின் குடையைப் பார்த்தார். குடை அசையவில்லை.

"இப்ப தண்ணி எங்க நிக்குது?" என்று கேட்டார்.

"இங்க சார்."

"அப்ப அங்க வை."

வைத்தேன்.

பதினேழாவது கல் எங்கள் வீட்டுக்கு வந்தது. தண்ணீர் பதினோரு வீட்டையும் பின்னாலிருந்து சூழ்ந்து, வாசலைக் கடந்து, தெருவின் விளிம்பில் போய் நின்றிருந்தது. கயிற்றை இழுத்துப் பிடித்ததும் என் பெஞ்சுக்காரன் கத்தினான், "டேய், உங்க வூடே ஏரிக்குள்ளடா! இனிமே உன்ன கெண்டைன்னு கூப்புடலாமா, விராலுன்னு கூப்புடலாமா?" எல்லாரும் சிரித்தீர்கள். வாசலில் நின்ற தங்கச்சியும் சிரித்தாள். அம்மா பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"இன்னாடா அது கல்லு?"

"ஏரி இதுவரிக்கும் கீதுன்னு அடையாளம்மா."

"எதுவரிக்கும்?"

"தண்ணி நிக்கிற வரிக்கும்."

அம்மா தன் காலைப் பார்த்தாள். கணுக்கால் முங்கித் தண்ணீரில் நின்றிருந்தாள். "அப்போ நம்ப வூடு?"

"உள்ள வருதும்மா. சும்மா பிராஜெக்ட்டுக்குத்தான்."

"பின்னாடி புங்க மரம் கீதுல்ல, அங்க வைடா. அத்தத் தாண்டி என்னைக்கினா வந்துகீதா தண்ணி? கிரவுண்டுக்கு மண்ணு கொட்னதுக்கப்புறந்தான் வருது. நான் கொட்ன மண்ணுடா. இந்தத் தலைமேல தூக்கினு போயிக் கொட்னேன்."

"சார் தண்ணி நிக்கிற எடத்துலதான் வைக்கணும்னு சொல்லிக்கீறாரு."

"சாரு சொன்னா? நான் சொல்றேன் இப்போ."

"உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. இது சயின்ஸ்."

இதைச் சொன்னபோது எனக்குப் பதினோரு வயது. சொன்னது நீங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அம்மா பக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கல்லைத் தெருவின் விளிம்பில் வைத்து, அசையாமல் இருக்கக் குதிகாலால் மிதித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை பிரேயரில் சார் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். "தன்னோட வீடுன்னுகூடப் பாக்காம, உண்மையா கல்லு வெச்சான் இவன். இவன்தான் விஞ்ஞானி" என்றார். தலைமையாசிரியர் என் தோளில் தட்டினார். அந்தக் கையின் கனம் இன்னும் என் தோளில் இருக்கிறது. பள்ளிக்கூடமே கைதட்டியது. நீங்களும்தான்.

கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று படம் வரைகிற வேலையும் எனக்கே வந்தது. இரண்டு சார்ட்டை ஒட்டி, இருபத்தாறு கல்லையும் புள்ளியாக வைத்து, கோடு இழுத்தேன். கோட்டுக்கு உள்ளே நீல ஸ்கெட்ச் பேனாவால் அடித்தேன். மைதானம் வெள்ளையாக நின்றது. எங்கள் வீடு நீலத்துக்குள் போயிற்று. பதினோரு கட்டம் போட்டிருந்தேன். அவற்றுக்குப் பக்கத்தில் 'ஆக்கிரமிப்பு' என்று எழுதச் சொன்னார் நலச்சங்கச் செயலாளர். சிவப்பில், அடிக்கோடு போட்டு, அழகாக எழுதினேன். நான் எழுதியதிலேயே அழகான எழுத்து அதுதான். அதற்கு அர்த்தம் எனக்கு மே மாதம்தான் தெரிந்தது.

அந்தப் படத்தை மனுவோடு சேர்த்து மேலே அனுப்பியிருந்தார்கள். பள்ளிக்கும் காலனிக்கும் நடுவே இருக்கும் ஏரியை மீட்டுத்தர வேண்டும் என்று மனு. கையெழுத்துப் போட்டவர்கள் உங்கள் அப்பாக்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. என் அப்பா வந்தால் டீ வாங்கிக் கொடுப்பார்கள், பழைய சட்டை கொடுப்பார்கள். எங்கள் வரிசையை ஒரே ஒருவர்கூட வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மே மாதம், பள்ளி லீவு. அறிவியல் சார் சொந்த ஊருக்குப் போயிருந்தார். காலையில் அதிகாரி ஜீப்பில் வந்தார், பின்னால் புல்டோசர் வந்தது. அம்மா அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, தண்ணி இங்க வராதுங்க ஐயா. கிரவுண்டு போட்டதாலதான் வருது. வேணும்னா அளந்து பாருங்க."

"எல்லாம் அளந்தாச்சும்மா." அவர் ஜீப்பிலிருந்து சார்ட்டை எடுத்து பானட்மேல் விரித்தார். "இது யார் போட்டது தெரியுமா? ஸ்கூல் புள்ளைங்க. நாங்க அளந்தா லஞ்சம் வாங்கிட்டோம்னு சொல்லுவீங்க. புள்ளைங்க பொய் சொல்லுமா?"

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்து யாருடையது என்று தெரியும். தினமும் ராத்திரி விளக்கடியில் அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் அதிகாரியை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள். உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தாள்.

புங்க மரத்தையும் சேர்த்துத் தள்ளினார்கள். ஏரிக்கு மரம் நல்லதாயிற்றே என்று கேட்க அன்று சயின்ஸ் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை.

கேளம்பாக்கம் தாண்டி, உப்பளத்தை ஒட்டி இடம் கொடுத்தார்கள். மெயின் ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே. அம்மாவுக்கு வேலை பழைய வீட்டுப் பக்கம், சேலையூரிலும் செம்பாக்கத்திலும். விடியுமுன் கிளம்பினால்தான் முதல் பஸ். தண்ணீர் லாரி பத்து மணிக்கு வரும், வந்த ஐந்து நிமிஷத்தில் போய்விடும். குடத்தோடு ஒரு ஆள் நின்றே ஆகவேண்டும். என்னை ஜூன் மாதம் அறிவியல் சார் அலைந்து திரிந்து ஒரு மாணவர் விடுதியில் சேர்த்துவிட்டார். "இவன் படிப்பு நிக்கக் கூடாது" என்று தலைமையாசிரியர் அறைக்குள் அவர் குரலை உயர்த்திப் பேசியதை நான் வெளியே நின்று கேட்டேன். அவருக்கு நான் கடன்பட்டவன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

குடத்தோடு நின்ற ஆள் தங்கச்சி. அடுத்த வருஷம் சேர்க்கலாம் என்றாள் அம்மா. அடுத்த வருஷமும் அதையே சொன்னாள். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டாள்.

பள்ளி முடித்து, டிப்ளமோ முடித்து, இப்போது தாம்பரத்தில் நிலம் அளக்கிற ஒரு ஆபீஸில் படம் வரைகிறேன். ஆமாம், அதே வேலைதான். போன வருஷம் வேறொரு வேலைக்காகப் பழைய கிராம வரைபடத்தின் நகல் ஒன்று என் மேஜைக்கு வந்தது. நம் ஏரி அதில் இருந்தது. ஏரியின் எல்லைக்கோடு எங்கள் வரிசைக்குப் பின்னால், புங்க மரம் நின்ற இடத்தை ஒட்டிப் போகிறது. பதினோரு வீடும் ஏரிக்கு வெளியே. மறுபக்கம் அதே கோடு பள்ளிக்குள் நுழைந்து, மைதானம் முழுவதையும் உள்ளே வளைத்து, நாம் சத்துணவு சாப்பிட்ட ஷெட்டின் வாசலில் போய் முடிகிறது. அம்மா காட்டிய இடத்துக்கும் சர்க்கார் கோட்டுக்கும் பத்தடி வித்தியாசம் இருந்தால் அதிகம்.

நகலைச் சுருட்டிக்கொண்டு பெருங்களத்தூரில் சார் வீட்டுக்குப் போனேன். ரிட்டயராகியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். காபி வந்தது. படத்தை டீப்பாயில் விரித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தவர் அதிக நேரம் பார்க்கவில்லை.

"தெரியும்டா" என்றார்.

"எப்ப சார்?"

"அப்பவே. கிரவுண்டைத் தொட்டா எச்.எம். பிராஜெக்ட்டையே நிறுத்தியிருப்பாரு. ஏரி மொத்தமா போயிருக்கும். ஏதாவது ஒண்ணை விட்டுக்கொடுத்தாத்தான் இன்னொண்ணைக் காப்பாத்த முடியும்னு நெனச்சேன்."

"கிரவுண்டை விட்டுக்கொடுத்தீங்களா சார், எங்களையா?"

அவர் காபி டம்ளரை டபராவுக்குள் வைத்து, எடுத்து, திரும்பவும் வைத்தார். "வீட்டை இடிப்பாங்கன்னு சத்தியமா நெனைக்கலடா. வேலி போடுவாங்க, போர்டு வைப்பாங்க, அவ்வளவுதான்னு நெனச்சேன்." அப்புறம், பேச்சை மாற்றுவதற்காகவோ, உண்மையான அக்கறையோடோ கேட்டார்: "தங்கச்சி ஒருத்தி இருந்தாளே, காதைத் தொட்டுக்கிட்டே நிப்பா... அவ என்ன படிச்சிருக்கா?"

நான் படத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.

நண்பர்களே, ஏரி நன்றாகத்தான் இருக்கிறதாம். நத்தைகுத்தி நாரை வருகிறதாம். நம் மைதானத்தின்மேல் புதுக் கட்டடம் எழும்பி, போன மழையில் உங்கள் காலனிக்குள்ளேயே முழங்கால் தண்ணீர் நின்றதாகவும் கேள்விப்பட்டேன். உங்கள் வீட்டு வாசலில் யாராவது கல் நட்டார்களா? நட்டிருக்க மாட்டார்கள். விழாவன்று பழைய கற்களில் ஒன்றைத் தேடி எடுத்து, சுண்ணாம்பு அடித்து, பள்ளி வாசலில் வைக்கப்போகிறார்களாம். பதினேழாம் எண் கிடைத்தால் நல்லது என்றான் மலர்க்குழு நண்பன். கிடைத்தால் வையுங்கள். நான் வரமாட்டேன்.

என் தங்கச்சிக்கு இப்போது பத்தொன்பது வயது. உப்பளத்தில் கூலி வேலை. நான் பணம் அனுப்பினால் தபால்காரரிடம் கட்டைவிரலை நீட்டுகிறாள். எந்த பஸ் என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுகிறாள். எழுத்துச் சொல்லித்தருகிறேன் என்று ஒருமுறை நோட்டோடு போனேன். "இனிமே இன்னாத்துக்குண்ணா?" என்று சிரித்தாள். சுண்ணாம்பு அடித்த கல்லில் ஏறி நின்றால் உயரமாகிவிடுவோம், காது எட்டிவிடும் என்று நினைத்து, நான் சார்ட் வரைந்த அன்று மாலை அவள் பதினேழாம் எண் கல்மேல் ஏறி நின்றதையும் அவள்தான் ஞாபகப்படுத்தினாள். கல் தேவைப்படவில்லை. கீழே நின்றே எட்டியது. ஓடிவந்து என்னிடம் காட்டினாள். நான் சார்ட்டில் எந்த நிறம் அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏரியை மீட்க ஆன செலவு என்று மலரின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வருமாமே. அதில் விட்டுப்போனதை மட்டும் நான் எழுதித் தருகிறேன், அச்சடியுங்கள். பதினோரு வீடு. ஒரு புங்க மரம். ஒன்றாம் வகுப்பில், காது எட்டிய ஒரு பிள்ளைக்கான இடம், ஒன்று.